இரண்டாம் நம்பர் டேங்க்

கமலக்கண்ணன் கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்து அதன் விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் நம்பர் டேங்க் காலியாக இருந்தது. முந்தின நாள் மாலை அதில் முக்கால்வாசி ஹைட்ரஜன் நிரப்பிவிட்டுத்தான் சாப்பிட எழுந்து போயிருந்தான். இப்போது முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. குழாயோடு குழாயாக நகர்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. டேங்கின் பின்பக்கம் விண்வெளியைப் பார்த்திருக்கும் வால்வு மட்டும் திறந்திருந்தது. அதைத் திறந்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

"தூக்கத்துல பண்ணிட்டனா?" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வால்வை மூடினான்.

ஆரணியில் பட்டுச்சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். பார்டருக்கு மயில், முந்தானைக்கு யானை என்று தறிக்காரர்கள் கேட்பதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவான். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போவான். தறிக்கு மேலிருக்கும் பெட்டியில் அதைச் செருகி, நான்கு விரற்கடை நெய்து பார்த்து, சரியாக விழுந்தால் திரும்புவான். வரைகிற வேலை விடிகாலையிலேயே முடிந்துவிடும். பகல் முழுக்க பைக்கில் சுற்றல். மாலையில் விளக்கு போட்ட பிறகு கொஞ்ச நேரம் இந்த விளையாட்டு.

விளையாட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் அன்பரசு. சந்தவாசல்காரன், பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன், இப்போது சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்று ஒரு சர்வரில் இந்த நிலையத்தை அவன்தான் தொடங்கி வைத்தான். குழந்தை பிறந்த பிறகு அவன் வருவது குறைந்துபோனது. ஆனால் நிலையத்தின் சாவி அவர்கள் இருவரிடம் மட்டும்தான் இருந்தது. யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் அந்த உலகம் அப்படியே உறைந்து நிற்கும் என்று அன்பரசு முதல் நாளே சொல்லியிருந்தான்.

ஆட்டம் வேறொன்றுமில்லை. காற்று செய்ய வேண்டும். பக்கத்தில் மிதக்கும் பாறைகளில் ஐஸ் வெட்டி வந்து மெஷினில் போட்டால் அது உருகித் தண்ணீராகும். மின்சாரம் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும். ஆக்ஸிஜன் ஒன்றாம் டேங்குக்குப் போகும். அதில்தான் நிலையம் மூச்சு விடும். ஹைட்ரஜன் இரண்டாம் டேங்குக்குப் போகும். அது எஞ்சினுக்கு எரிபொருள். ஆள் விடுகிற மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து மூன்றாம் டேங்கில் அடைக்கலாம். இரண்டாம் டேங்க் முழுசாக நிரம்பினால் எஞ்சினைக் கிளப்பி அடுத்த கிரகத்துக்குப் போகலாம். கமலக்கண்ணனுக்கு அந்தக் கிரகத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனாலும் போக வேண்டும்.

மறுநாள் மாலை அந்த வால்வு மறுபடியும் திறந்திருந்தது.

அதற்கடுத்த நாள் வால்வோடு சேர்த்து வேறொன்றும் நடந்திருந்தது. ஓர் அறையில் ஆளுக்கு ஆகாத அளவு கரியமில வாயு நிறைந்திருந்தது. பதறிப்போய் மூன்றாம் டேங்கைப் பார்த்தால் அதில் பாதி இறங்கியிருந்தது. டேங்கில் அடைத்ததை யாரோ அறைக்குள் திறந்து விட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தான். வரிசையாக உருளைக்கிழங்குச் செடிகள் நடப்பட்டிருந்தன.

கமலக்கண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிறிது நேரம் அந்தச் செடிகளையே பார்த்தான். ஓட்டை என்றால் வாயு போகும். விளையாட்டில் ஏதோ கோளாறு என்றால் வால்வு தானாகத் திறக்கலாம். உருளைக்கிழங்கு தானாக முளைக்காது.

அன்பரசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: "உருளக்கெழங்கு நட்டது நீயாடா?"

பதிலாக விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் நான்கு வந்தன. அதோடு சரி.

அதை ஒப்புக்கொண்டதாகவே கமலக்கண்ணன் எடுத்துக்கொண்டான். செடிகளைப் பிடுங்கிப் போட்டான். வாயுவை மறுபடி உறிஞ்சி மூன்றாம் டேங்கில் அடைத்தான். நண்பன் விளையாட்டுக்குச் சீண்டுகிறான், இரண்டு நாளில் ஓய்ந்துவிடுவான் என்று நினைத்தான். ஓயவில்லை. இவன் மூடிய வால்வு திறந்திருந்தது. இவன் பிடுங்கிய இடத்தில் செடி இருந்தது. ஒரு மாலை அலுப்பில் செடிகளை அப்படியே விட்டுவிட்டான். மறுநாள் அவற்றின் பக்கத்தில் தக்காளியும் நட்டிருந்தது. சீண்டுகிறவன் இவ்வளவு பொறுப்பாகத் தக்காளி நடுவானா என்று தோன்றியது. எரிச்சல் போய் லேசான பயம் வந்தது.

தலைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்ததால் வேலையில் கை தவறியது. ஒரு நாள் ஜெயவேல் போன் செய்தார். அவர் நான்கு தறி வைத்திருப்பவர், கோபமே படாத மனிதர்.

"கமலா, இன்னாப்பா இது, மயிலுக்கு மூணு கால் வந்துகினு இருக்கு?"

"மூணா? ரெண்டுதானேண்ணா போட்டேன்?"

"நானும் எண்ணிப் பாத்தேன், எங்க வீட்டுப் பொம்பளையும் எண்ணிப் பாத்துச்சு. மூணுதான். ஜல்தியா வந்து மாத்திக் குடுப்பா. தறி நின்னுகினு இருக்கு."

போய் மாற்றிக் கொடுத்தான். ஜெயவேலின் மனைவி காப்பி கொடுத்தபடி, "உடம்பு ஏதும் சரியில்லையா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னான். உண்மையும் அதுதான். ஆனால் என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டில் அவன் மனைவி சுபலட்சுமி அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. தேசூர்ப் பெண். வேதியியல் பட்டம் படித்தவள். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் இருவர் மட்டும் தனிக்குடித்தனம். இதெல்லாம் தொடங்கும் முன், கோடை விடுமுறையின்போது, போளூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வகத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். "போளூருக்கு தினம் பஸ்ல போய் வர முடியுமா? இங்க இன்னா கொறைச்சல்?" என்று அவன் கேட்டான். அவள் ஏதோ சொன்னாள், அவனும் ஏதோ சொன்னான், குரல் கொஞ்சம் உயர்ந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. முடிந்துபோன விஷயம் என்று அவன் நினைத்திருந்தான். சாப்பாடு வேளைக்கு வந்தது. கேட்டதற்குப் பதிலும் வந்தது. அதற்கு மேல் அவன் கவனிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை கமலக்கண்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். இரண்டாம் டேங்கின் வெளிவால்வைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்தான். இனி அந்த வழியாக ஒரு துளி வெளியே போகாது. பிறகு டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் புதிதாகக் குழாய் இழுத்து, அந்தக் குழாயிலும் ஹைட்ரஜனை நிரப்பி மூடி வைத்தான். இதற்கப்புறமும் டேங்க் காலியானால் அன்பரசை நேராகவே கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் போளூரில் வேலை. மதியச் சாப்பாட்டை அங்கேயே ஒரு மெஸ்ஸில் முடித்துக்கொண்டு பொழுது சாய்ந்து திரும்பினான். சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

இரண்டாம் டேங்க் நிரம்பியிருந்தது.

முள் கடைசிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இத்தனை நாளில் அவன் ஒருமுறைகூட அதை அங்கே பார்த்ததில்லை. முந்தின மாலை பாதிகூட இல்லையே, எப்படி நிரம்பியது? அந்தக் கேள்வி வந்தது. வந்த வேகத்தில் சந்தோஷத்தில் கரைந்தும் போனது. தகடு வேலை செய்திருக்கிறது என்று நினைத்தான். உள்ளே இருப்பது என்ன வாயு என்று பார்க்கவில்லை. டேங்கின் மேல் ஹைட்ரஜன் என்று எழுதியிருக்கும்போது அதை ஏன் பார்க்கப் போகிறான்? எஞ்சின் குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கிளப்பும் பொத்தானை அழுத்தினான்.

திரை முழுவதும் வெளுத்தது. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து சுபலட்சுமி எட்டிப் பார்த்தாள். வெளுப்பு அடங்கியபோது நிலையம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உருளைக்கிழங்குகளும் தக்காளிகளும் கண்ணாடித் துண்டுகளோடு சேர்ந்து கறுப்பு வெளியில் மெல்லச் சுழன்றன. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று திரை அறிவித்தது.

கமலக்கண்ணன் போனை எடுத்தான்.

"டேய் அன்பு, இன்னாடா நெனச்சிகினு இருக்க நீ?"

"இன்னாடா ஆச்சு?"

"ரெண்டாம் டேங்க்ல இன்னாத்த ரொப்பி வச்ச? மொத்த ஸ்டேஷனும் போச்சுடா! எத்தினி மாசம் கஷ்டப்பட்டிருக்கேன் தெரியுமா? உனக்கு ஆட இஷ்டம் இல்லன்னா ஒதுங்கிக்கோ. கூட இருந்து இப்படிப் பண்ற வேலை எல்லாம் வேணாம்."

"நான் உள்ள வந்தே நாளாச்சுடா. கைக்கொழந்தைய வச்சிகினு..."

"பொய் பேசாத. மனசுல இருக்கறத நேரா சொல்றதுக்குத் துப்பு இல்ல உனக்கு."

"சரிடா, நீ நிதானத்துக்கு வந்தப்புறம் பேசு," என்று சொல்லி அன்பரசு வைத்துவிட்டான்.

திரும்பினால் சுபலட்சுமி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"அன்பரசு அண்ணனை ஏங்க திட்டறீங்க? ரெண்டாம் டேங்க்ல ஆக்ஸிஜன் ரொப்பினது நானுங்க."

அவனுக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"நீயா?"

"நான்தான். உங்களுக்குத் தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

சுபலட்சுமி அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறானா என்று தேடுகிற பார்வை. பிறகு அந்தப் பார்வை மாறியது.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள். "ஸ்கூல் விஷயமா பேச்சு வந்துச்சே, அதுக்கு மறுநா. பகல் எல்லாம் நான் ஒருத்தி வீட்டுல இன்னா பண்றதுன்னு கேட்டேன். நீங்க ஷூவ மாட்டிகினே, 'பேஜாரா இருந்தா அந்த கேம்ல ஐஸ் வெட்டிப் போட்டுகினு இரு, ஆக்ஸிஜன் கொறையாம பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

அவன் யோசித்தான். ஷூ ஞாபகம் வந்தது. அன்று வேட்டவலம் போக வேண்டியிருந்தது, நேரமாகிவிட்டிருந்தது. சொன்னது ஞாபகம் வரவில்லை.

"நான் பாத்துகினுதான் இருந்தேன்," என்றாள். "தண்ணி பிரிஞ்சா ஹைட்ரஜன் ரெண்டு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்கு. ரெண்டாம் டேங்க்தான் மொதல்ல ரொம்புது. அது ரொம்பிட்டா மெஷின் நின்னுடும், ஆக்ஸிஜன் வராது. அதனால தெறந்து வெளிய விட்டேன். நீங்க மூடினீங்க. மறுபடியும் தெறந்தேன். மறுபடியும் மூடினீங்க. செடி வச்சா கொஞ்சம் ஆக்ஸிஜன் கெடைக்குமேன்னு நட்டேன், அதுக்குத்தான் மூணாம் டேங்கயும் தெறந்து விட்டேன். பிடுங்கிப் போட்டீங்க. என் மேல இருக்கற கோவத்த அதுல காட்டறீங்கன்னு நெனச்சேன்."

"கோவமா? எனக்கு இன்னா கோவம்?"

"அப்புறம் ஒரு நா செடிய பிடுங்காம விட்டீங்க. கோவம் போயிடுச்சுன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. அதான் தக்காளியும் வச்சேன்."

கமலக்கண்ணனுக்கு அந்த மாலை ஞாபகம் இருந்தது. அன்று இடுப்பு வலித்தது. அதனால்தான் செடிகளை விட்டுவிட்டான்.

"நேத்து தகடு போட்டு அடைச்சிருந்தீங்க," என்று தொடர்ந்தாள். "சரி, இவருக்கு இந்த டேங்க் ரொம்பி இருக்கணும், அதான் ஆசைன்னு புரிஞ்சிகினேன். ஹைட்ரஜன ரொப்பினா மறுபடியும் மெஷின் நின்னுடும். அதான் மெஷின்லருந்து டேங்குக்கு வர்ற குழாயப் பிரிச்சி ஹைட்ரஜன வேற வழியா வெளிய விட்டுட்டு, ஆக்ஸிஜன ரொப்பி வச்சேன். காலையில இருந்து ஐஸ் வெட்டினேன். மத்தியானம் சாப்பிடக்கூட இல்ல. சாயங்காலம் பாத்துட்டு ஏதாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"டேங்க் மேல பேர மாத்தியிருக்கலாமே, சுபா."

"பேர மாத்தறது எப்படின்னு எனக்குத் தெரியல."

எஞ்சின் குழாயில் அவன் அடைத்து வைத்திருந்த ஹைட்ரஜனும், டேங்கில் அவள் அடைத்து வைத்திருந்த ஆக்ஸிஜனும் ஒன்றோடொன்று கலந்து, அவன் பொத்தானை அழுத்தியதும் பற்றிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் அது புரிந்தது. ஆனால் புரிந்ததால் நிம்மதி வரவில்லை. யாரோ சீண்டுகிறார்கள் என்று அவன் நினைத்த நாட்களில் எல்லாம், அவள் அவனோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள். அவன் வால்வை மூடியது ஒரு பதில். செடியைப் பிடுங்கியது ஒரு பதில். அவனோ ஒன்றுமே சொல்லவில்லை. எதிரே ஆள் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"அப்ப இத்தினி நாளா," என்றாள் சுபலட்சுமி, "நான் சும்மா தனியாவா ஆடிகினு இருந்தேன்?"

ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டில் சாம்பார் அடிப்பிடித்த வாசனை அடித்தது. சாப்பிட்டு முடிக்கும்போது அவன், "அந்த ஸ்கூல் இன்னாச்சு?" என்று கேட்டான்.

"அவங்க அப்பவே வேற ஆள எடுத்துட்டாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கலியே."

காலையில் முதல் வேலையாக அன்பரசைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னான். அன்பரசு குறுக்கே பேசாமல் கேட்டான்.

"தங்கச்சிதான் ஆடுதுன்னு எனக்குத் தெரியும்டா," என்றான் கடைசியில்.

"தெரியுமா?"

"ரொம்ப நாள் முன்னாடி ஒரு மத்தியானம் உள்ள வந்தேன். உன் பேர்ல ஒரு ஆள் ஐஸ் வெட்டிகினு இருந்துச்சு. இன்னாடா வேலைக்குப் போகலியான்னு டைப் பண்ணேன். 'அவர் வெளிய போயிருக்கார் அண்ணா, நான் சுபா'ன்னு பதில் வந்துச்சு. புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஆடறாங்க, நாம எதுக்கு நடுவுலன்னு வெளிய வந்துட்டேன். நீ உருளக்கெழங்கு பத்திக் கேட்டப்ப, தங்கச்சிய நீ வம்புக்கு இழுக்கறன்னு நெனச்சி சிரிச்சேன்."

"நேத்து ஏண்டா சொல்லல?"

"நீ எங்கடா பேச விட்ட?"

சென்னையில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதே வீட்டில் இருப்பவனுக்குத் தெரியவில்லை. அது எப்படி என்று எவ்வளவு யோசித்தும் கமலக்கண்ணனுக்குப் பிடிபடவில்லை. அன்பரசு இன்னும் ஒன்று சொன்னான். நிலையத்தின் பழைய நகல் ஒன்று சர்வரில் இருக்கிறதாம். வெடிப்பதற்குச் சில நாட்களுக்கு முந்தையது. வேண்டுமானால் அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

சுபலட்சுமியிடம் கேட்டதற்கு, "எனக்கு வேணாம். உங்களுக்கு வேணும்னா கேளுங்க," என்றாள்.

அவன் அன்பரசிடம் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் வேலை மட்டும் பார்த்தான். மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். ஒரு நாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து தானும் உரித்தான். அவள் வெங்காயத் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள். இன்னொரு நாள் அவளாகவே, ஆரணியிலேயே ஒரு டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், நாளைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாள். சம்மதம் கேட்கிற தொனி அதில் இல்லை.

"நான் வண்டில கொண்டு போய் விடட்டுமா?"

"வேணாம். நடந்தே போயிடுவேன்."

அது கோபமா, இல்லை உண்மையிலேயே பக்கமா என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பானால் யோசிக்காமல் விட்டிருப்பான். இப்போது கேட்டான்.

"கோவத்துல சொல்றியா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி," என்றாள்.

சென்டரில் அவளை எடுத்துக்கொண்டார்கள். மாலை வகுப்புகள். அவன் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் இப்போது அவள் வெளியே இருந்தாள். திரும்பி வந்து, எந்தப் பையன் என்ன கேட்டான், எந்தப் பெண் தூங்கி விழுந்தாள் என்று சொன்னாள். அவன் கேட்டான். சில நாட்கள் சட்டென்று பேச்சை நிறுத்தி, "கேட்டுகினு இருக்கீங்களா?" என்று சோதித்தாள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வகுப்பில்லாத நாள், அவள்தான் சொன்னாள்: "அன்பரசு அண்ணன்கிட்ட அந்தப் பழைய நகலைப் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். அடுப்படி ஸ்டூலை இழுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிலையம் முழுசாக இருந்தது. செடிகள் பச்சையாக இருந்தன. முதல் வேலையாக ஹைட்ரஜனுக்கு இன்னொரு டேங்க் கட்டுவது என்று அவன் சொன்னான். அதற்கு இரும்பு எங்கே என்று அவள் கேட்டாள். எதை வெளியே விடுவது, எதைச் சேர்த்து வைப்பது என்று பேசிப் பேசி, முடிவுக்கு வராமலேயே பாதி மதியம் போனது. பேச்சின் நடுவில் அவள் திரையை நோக்கி விரல் நீட்டினாள்.

"ஏங்க, மூணாம் டேங்க் ஏன் கொறைஞ்சிகினு இருக்கு? நீங்க தெறந்தீங்களா?"

"நான் தொடவே இல்ல. நீ?"

"மவுஸே உங்க கையிலதானே இருக்கு!"

அவன் குழாய் வழியே போய்ப் பார்த்தான். வால்வு மூடியிருந்தது. அறையில் வாயு கூடவில்லை. ஆனாலும் ஒரே சீராக முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்பரசைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தான்; சத்தியமாகத் தான் இல்லை என்று கிசுகிசுத்தான்.

"மொதல்லருந்து பாப்போம்," என்றாள் சுபலட்சுமி. "நகருங்க, கொஞ்ச நேரம் நான் ஓட்டறேன்."

அவன் ஸ்டூலுக்கு மாறினான். அவள் நிலையத்தின் வெளிக்கதவைத் திறந்து குழாயைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்தாள். அவன் ஒவ்வொரு இணைப்பாக எண்ணிச் சொன்னான். இருட்டும்வரை தேடியும் ஓட்டை எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை.